துருவ உஷ்ணமும் பருவக் கோளாறும்

பயிர்த்தொழில் வானத்தை நம்பி நடைபெறுவது. ஒரு நாட்டின் வானிலையோ அந்நாட்டு எல்லைக்குள்ளேயே உண்டாவதன்று. வெகுதூரத்திலுள்ள பனிக்கடலில் நேரும் மாறுதல் எவ்வாறு தோட்டப்பயிரைத் தாக்கக்கூடும் என்பதை விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலம்.

துருவம் சூடேறும் விதம்

1979-ம் வருஷம் முதல் வடதுருவப் பிரதேசம், பூமியின் சராசரி வேகத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவாக உஷ்ணமடைந்து வந்திருக்கிறது. வெண்பனி மூடிய கடற்பரப்பு தன்மீது விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். பனி உருகியபின் தோன்றும் கருநீர்ப் பரப்போ நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் உட்கொள்ளும். அவ்வுஷ்ணம் மேலும் பனியை உருக்கும். துருவம் விரைந்து சூடேறுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

மேற்காற்றின் போக்கு

பூமத்திய ரேகைப் பிரதேசத்திற்கும் துருவத்திற்கும் உள்ள உஷ்ண வித்தியாசத்தாலும் பூமியின் சுழற்சியாலும், சுமார் 30,000 அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்றொன்று வீசுகின்றது. சரிவான நிலத்தில் ஆறு நேராக விரைந்தோடும். சமவெளியில் வளைந்து வளைந்து செல்லும். அதுபோலவே, உஷ்ண வித்தியாசம் குறைந்தால் இக்காற்றும் தளர்ந்து வளையும் என்பது விஞ்ஞானிகள் சிலரின் கொள்கை. வளைவு வடக்கே ஏறிய இடத்தில் வெப்பமும், தெற்கே இறங்கிய இடத்தில் குளிரும் மிகும். வளைவு நகராது நின்றால் அந்நிலை பல நாள் நீடிக்கும்.

மிச்சிகன் தோட்டங்களின் அனுபவம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள மிச்சிகன் மாகாணம் ஆப்பிளுக்கும் புளிப்புச் செரிப் பழத்திற்கும் பெயர்பெற்றது. வசந்தத் தொடக்கத்தில் பெரிய ஏரியின் குளிர்ந்த காற்று மொட்டு விரிவதைத் தாமதிக்கச் செய்து, பின்பனியிலிருந்து மரங்களைக் காத்துவரும். 2012 மார்ச்சில் மேற்காற்றின் வளைவொன்று வடக்கே ஏறி நின்றமையால், உஷ்ணம் 80 டிகிரி பாரன்ஹீட்டிற்கு மேற்சென்றது. மரங்கள் வழக்கத்திற்குப் பல வாரம் முன்னதாகவே விழித்துக்கொண்டன. ஏப்ரலிலோ உறைபனி பலமுறை இறங்கிற்று. உறங்கும் மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். மலர்ந்த செரிப் பூவோ 28 டிகிரியில் கருகத் தொடங்கி, 25 டிகிரியில் பத்துக்கு ஒன்பது மடிந்துவிடும். அவ்வாண்டு அவ்விரு பழங்களின் மகசூலிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு நஷ்டமாயிற்று.

இந்நஷ்டம் முழுவதையும் துருவ உஷ்ணத்தின்மேல் ஏற்றுதல் முறையன்று. துருவத்தின் கீழ்வானில் வித்தியாசம் குறைகையில், உஷ்ண மண்டலத்தின் மேல்வானம் சூடேறுவதால் அவ்வுயரத்தில் வித்தியாசம் கூடுகிறது. இவ்விரண்டில் எது வலியது என்பதுபற்றி விஞ்ஞானிகளிடையே விவாதம் நடந்து வருகிறது.

பாதுகாப்பு முறைகள்

குளிர்ந்த காற்று கனமானதாகையால் பள்ளத்தில் தேங்கும். எனவே குளிர்நாடுகளில் பழமரங்களை மேட்டுச் சரிவில் வைப்பது உத்தமம். தெளிந்த, அசைவற்ற இரவில், உயர்ந்த கம்பத்தில் பொருத்திய விசிறி இயந்திரம் மேலுள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே இறக்கி மலர்களைக் காக்கும். குளிர்காற்று பலமாக வீசும் இரவில் இதனாற் பயனில்லை. பருவம் முந்திவரும் வெப்பத்தைக் கண்டு மகிழாமல், பின்னே வரக்கூடிய குளிருக்கு ஆயத்தமாயிருத்தலே மிச்சிகன் அனுபவம் கற்பிக்கும் பாடம்.