ஒரே பெயர், பல எழுத்துகள்

எங்கள் வகுப்பு இடாப்பில் பதினொரு பாத்திமாக்கள் இருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது எங்களில் சிலருக்கு ‘ரீ’ எழுத்தை அடுத்து ‘எச்’ வரும், சிலருக்கு வராது. ஒருத்திக்கு ‘எப்’ எழுத்தை அடுத்து ‘ஏ’ இரண்டு முறை வரும். அழைக்கும்போது எல்லாம் ஒன்றுதான்.

அடையாள அட்டைக்கு ஆவணங்கள் திரட்டிய நாட்களில்தான் அந்த ‘எச்’ எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஓர் அலுவலகத்தில், “கணினியில் இப்படி ஒரு பெயர் இல்லை” என்று வாப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வேலையை விட்டு அலைந்தார். மூன்றாம் முறை, அங்கிருந்த ஒருவர் ‘எச்’ இல்லாமல் தட்டிப் பார்த்தார். என் பெயர் வந்துவிட்டது.

கணினி ஏன் அதை முன்பே கண்டுபிடிக்கவில்லை? கணினிக்கு எழுத்துகள் வெறும் இலக்கங்கள். வரிசையில் ஒன்று மாறினாலும் அது ‘வேறு’ என்றே சொல்லும். ‘கிட்டத்தட்ட ஒன்று’ என்பதை நாம்தான் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கான இரண்டு அல்கோரிதங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஒலியால் பொருத்தும் ‘சவுண்டெக்ஸ்’. அமெரிக்கரான ரொபர்ட் ரஸ்ஸல் 1918இல் ஆக்கவுரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது இது. கணினி இல்லாத 1930களிலேயே, அந்நாட்டின் பழைய குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளில் பெயர் தேடுவதற்கான அட்டைகள் இம்முறையில் தயாரிக்கப்பட்டன.

அதன் விதி எளிது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைக்க வேண்டும். பின்னர் வரும் உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, வை ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். எஞ்சியவற்றில் ஒலியால் நெருங்கியவற்றுக்கு ஒரே இலக்கம்: டி, ரீ இரண்டுக்கும் 3; எம், என் இரண்டுக்கும் 5. மூன்று இலக்கங்கள் சேராவிட்டால் பூச்சியத்தால் நிரப்ப வேண்டும். பாத்திமாவில் எப், ரீ, எம் மட்டும் மிஞ்சும். குறியீடு எப்350. ‘எச்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும், ‘ஏ’ இரண்டானாலும் இதே குறியீடுதான். ஹரகத்து இல்லாத அரபுச் சொல்லை நாம் மெய்யெழுத்துகளைக் கொண்டு அடையாளம் காண்பதை இது எனக்கு நினைவூட்டுகின்றது.

ஆனால் ஒருவர் ‘எப்’ எழுத்துக்குப் பதிலாக ‘பி’ என்று தொடங்கிவிட்டால் குறியீடு பி350 ஆகிவிடும், பெயர் கிடைக்காது. மறுபுறம் ரிஸ்வான், ரிஸானா இரண்டையும் ‘இஸட்’ இட்டு எழுதினால் இரண்டுக்கும் ஆர்250. நானாவும் தங்கையும் ஒருவராகிவிடுவார்கள்!

இரண்டாவது, எழுத்துகளின் ‘தூரத்தை’ அளக்கும் முறை. சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் இதை முன்வைத்தார். ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற, குறைந்தது எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க அல்லது மாற்ற வேண்டும் என்று எண்ணுவதே அது. ‘எச்’ உள்ள பாத்திமாவுக்கும் இல்லாத பாத்திமாவுக்கும் தூரம் 1. ‘பி’யில் தொடங்கும் பாத்திமாவுக்கும் ‘எப்’பில் தொடங்குபவளுக்கும் தூரம் 1. சவுண்டெக்ஸ் தவறவிட்டவளை இது பிடித்துவிட்டது. ரிஸ்வானுக்கும் ரிஸானாவுக்கும் தூரம் 2.

இதற்கும் குறை உண்டு. பர்ஹானாவுக்கும் பர்ஸானாவுக்கும் தூரம் 1தான். ‘எச்’ இருந்த இடத்தில் ‘இஸட்’. இருவரும் என் பக்கத்து வாங்கில் இருக்கும் வெவ்வேறு பெண்கள். இங்கே சவுண்டெக்ஸ் சரியாகப் பிரிக்கின்றது: ஒருத்தி எப்650, மற்றவள் எப்625. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே நல்லது.

தமிழுக்கும் இப்படி ஒன்று செய்யலாம். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே இலக்கம். ர, ற இரண்டுக்கும் ஒரே இலக்கம். எங்கள் சொல்வதெழுதல் பிழைகள் பல மன்னிக்கப்பட்டுவிடும். ஆனால் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். பிழையை மன்னிக்கும் விதி, வேறுபாட்டையும் சேர்த்தே மறக்கின்றது.

ஆகவே இந்த அல்கோரிதங்கள் ‘இவை நெருங்கிய பெயர்கள்’ என்று மட்டுமே சொல்லும். ‘இவர் அவர்தான்’ என்று சொல்லா. அந்தப் பட்டியலைப் பார்த்து, பிறந்த திகதியையும் வாப்பாவின் பெயரையும் ஒப்பிட்டு முடிவெடுப்பது மனிதரின் வேலை. அன்று அந்த அலுவலகத்தில் நெருங்கிய பெயர்களின் பட்டியல் ஒன்று திரையில் வந்திருந்தால், வாப்பாவின் இரண்டு நாட்கள் மிஞ்சியிருக்கும்.

‘அல்கோரிதம்’ என்ற சொல்லும் ஒரு பெயரின் திரிபுதான். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரை இலத்தீன் மொழியில் எழுதியவர்கள் மாற்றி எழுதியதால் பிறந்தது அது. அவருக்கும் எங்கள் பிரச்சினை இருந்திருக்கிறது!

தோழியரே, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள எழுத்துகளை இன்றே ஒருமுறை பாருங்கள். எங்கும் அப்படியே எழுதுங்கள். உங்களில் கணினி படிக்கப்போகிறவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: நீங்கள் உருவாக்கும் மென்பொருள், ‘இல்லை’ என்று சொல்லுமுன் ‘இதுவா?’ என்று ஒருமுறை கேட்கட்டும்.