ரியாத்தில் பேச்சு, ராஜகிரியில் கவலை

கேள்வி: சவுதியில் இருக்கும் என் மகன் ஒரு மாதம் கூடுதலாக அனுப்புகிறான், மறு மாதம் பாதிதான். கேட்டால், "சட்டம் மாறப்போகுதாம்மா" என்கிறான். சட்டத்துக்கும் எங்கள் வீட்டுப் பணத்துக்கும் என்ன சம்பந்தம்?
— ஒரு வாசகி, ராஜகிரி

பதில்: நிறைய சம்பந்தம் உண்டு, அம்மா. வேலை நிலைக்குமா என்ற பயம் வந்தால், கையில் உள்ளதை உடனே ஊருக்கு அனுப்பத் தோன்றும். அடுத்த மாதமே இகாமா எனும் குடியிருப்பு அனுமதி, டிக்கெட் செலவுக்கென்று இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். 2017 ஜூலையில் சவுதி அரசு, உடன் தங்கும் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுதோறும் ஏறி 2020-இல் 400 ஆனது. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டவர்கள் பலர். அங்கே செலவான பணம் இங்கே வரத் தொடங்கியது.

ரூபாய் மதிப்பும் ஒரு காரணம். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. ரியால் டாலரோடு கட்டப்பட்டது என்பதால் அதுவும் ஏறியது. இன்னும் ஏறும் என்று நினைப்பவர் அனுப்பாமல் காத்திருப்பார்.

2024-25-இல் இந்தியாவுக்கு வந்த பணம் 13,500 கோடி டாலருக்கும் மேல். ஆனால் அந்த மொத்தக் கணக்கு உங்கள் வயலுக்கு உதவாது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் நாற்றங்கால், உழவு, நடவுக் கூலி எதுவும் ரியாத் முடிவுக்காகக் காத்திருக்காது. நகைதான் அடகுக்குப் போகும். என்னை வருத்துவது இதுதான். கூடுதலாக வரும் மாதத்தில் குறுவைச் செலவைத் தனியே வங்கியில் போட்டுவிடுங்கள். அந்தக் கூடுதலை நம்பி மாடி எழுப்ப வேண்டாம்.