நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஐயாயிரம் டாலருக்கு மேல் இருந்தால் பறிமுதலா?

ஓசூர் சிப்காட்டிலிருந்து ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ பயிற்சிக்குப் போகிறவர்களிடமும், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களிடமும் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: கையில் ஐயாயிரம் டாலருக்கு மேல் இருந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். இந்தப் பயத்துக்கு உள்ளூர்க் காரணம் உண்டு. தேர்தல் வந்தால் கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் பறக்கும் படை வண்டிகளை மறிக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்து ஆவணம் இல்லையென்றால் பறிமுதல்தான். எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு ‘வரம்பு’ என்றதும் நினைவுக்கு வருவது அந்தக் காட்சிதான். ஆனால் தேவனஹள்ளியிலுள்ள பெங்களூரு விமான நிலையத்தில் செல்லுபடியாவது 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமும் 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவும். அவற்றின்கீழ் வரும் எண்கள் எல்லாமே தடைகள் அல்ல. சில வெறுமனே ‘சொல்லிவிட்டுப் போ’ என்கின்றன.

வெளிநாட்டுப் பணத்தை இந்தியாவுக்குள் கொண்டுவர உச்சவரம்பே கிடையாது. நோட்டாக 5,000 டாலரைத் தாண்டினாலோ, நோட்டும் பயணக் காசோலையும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலோ சுங்க அதிகாரியிடம் படிவம் நிரப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். வெளியே போகும்போது கணக்கு வேறு. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக வாங்கலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் போட்டுக்கொள்ளலாம். ஆகவே அது நோட்டுக்கான வரம்பு, செலவுக்கானது அல்ல. உண்மையாகவே கதவை அடைக்கும் எண் நம் ரூபாய்க்குத்தான்: நேபாளம், பூடான் நீங்கலாக, போகும்போதும் வரும்போதும் ஆளுக்கு 25,000 ரூபாய். டாலருக்குப் படிவம் போதும், சொந்த ரூபாய்க்குத்தான் கெடுபிடி என்பது விந்தைதான். ஆனாலும் திரும்பி வந்து ஓசூருக்கு டாக்ஸி பிடிக்க அது தாராளமாகப் போதும்.

‘படிவம் கொடுத்தால் வருமான வரிக்காரர்கள் வீடு தேடி வருவார்களே’ என்று கேட்பார்கள். கணக்கில் வந்த சம்பளத்துக்கு அந்தப் படிவம் சாட்சியே தவிரக் குற்றப்பத்திரிகை அல்ல. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர் செலவாகாத டாலரைத் திரும்ப எடுத்துப் போகும்போது, ‘இது நான் கொண்டுவந்ததுதான்’ என்று காட்ட அவர் கையில் இருப்பது அது ஒன்றுதான். அறிவிக்காமல் கொண்டுவந்து பிடிபட்டால்தான் பறிமுதல் என்ற பேச்சே எழுகிறது. ‘யாரும் கேட்கவில்லையே’ என்ற பதிலும் நிற்காது. சுங்கத்தின் பச்சை வழியில் நடந்து வருவதே ‘அறிவிக்க ஒன்றுமில்லை’ என்று சொன்னதற்குச் சமம்.

சாமான்களுக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகை வரியில்லாமல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்; ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவருக்குத்தான் அந்தச் சலுகை என்பது பலருக்குத் தெரியாது. மூன்று வாரப் பயிற்சிக்குப் போனவர் நகை வாங்கி வந்தால் அவருக்கு அது இல்லை. ஒன்றாகத் திரும்பும் நான்கு பேர் தங்கள் வரியில்லா அளவுகளைக் கூட்டி ஒருவர் பொருளுக்குக் காட்டவும் முடியாது. கம்பெனிக்காகப் பையில் போட்டு வரும் சென்சாரோ ஸ்பேர் பார்ட்ஸோ சொந்த உபயோகச் சாமான் ஆகாது. தொழிற்சாலையில் உற்பத்தி லைன் நிற்கும்போது கார்கோவுக்குக் காத்திருக்க முடியுமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த அவசரத்துக்கும் வழி பில்லோடு, பொருளை அறிவிப்பதற்கான சிவப்பு வழியில் போவதுதான், பச்சை வழியில் நழுவுவது அல்ல. வரி விதிக்கத்தக்க பொருளோ தடை செய்யப்பட்ட பொருளோ, பயணி அதை உண்மையாக அறிவித்துவிட்டுக் கேட்டால், சுங்கத்தில் வைத்திருந்து அவர் நாட்டை விட்டுப் போகும்போது திருப்பித் தரச் சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு இடம் தருகிறது. அறிவிக்காமல் வந்தவர் அந்தப் பிரிவைக் காட்டிக் கேட்க முடியாது.