வலி அறியாத விரல்கள் கற்பித்த பாடம்



நம் அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறையில் தகடு தட்டுகிறவருக்கும், பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவருக்கும் கைதான் முதல். ஊசி குத்தினால் உடனே விரலை இழுத்துக்கொள்கிறோம். அந்த வலியே இல்லாமற்போனால் என்ன ஆகும்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதற்குக் கண்ட விடையை இம்முறை படிப்போம்.

தொழுநோய் கண்டால் விரல்கள் அழுகி விழும் என்று மருத்துவர்களும் நம்பியிருந்த காலம் அது. கொல்லிமலையில் மிஷனெரி பெற்றோருக்கு 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில் மடங்கிய கைகள் பலவற்றைக் கண்டபின், இளம் மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆராயத் தொடங்கினார்.

அவர்கள் கண்டவை மூன்று:

1. நோய் எல்லா நரம்புகளையும் ஒன்றுபோல் கெடுப்பதில்லை. முழங்கை, மணிக்கட்டு போன்ற இடங்களில் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளே அதிகம் வீங்கிக் கெடுகின்றன. ஆகவே முன்கையில் நல்ல தசைகள் மிஞ்சுகின்றன.

2. அந்த நல்ல தசையின் நாணை, காலிலிருந்து எடுத்த நாணால் நீட்டி, நான்காகப் பிரித்து விரல்களோடு இணைக்கலாம். அதன்பின் நோயாளி பயிற்சியினால் விரலை அசைக்கப் புதிதாகக் கற்கவேண்டும்.

3. விரல்கள் தானாக அழுகுவதில்லை. துருப்பிடித்த பூட்டைப் பிராண்ட் திறக்க முடியாதபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது; அவனுக்குத் தெரியவில்லை! அதுமுதல் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், கரடான கைப்பிடி, தூங்கும்போது கடித்த எலி என்று அவை வெளிப்பட்டன. காரணம் தெரிந்தபின் புண்களைத் தடுக்க முடிந்தது.

இவ்வாராய்ச்சிக்காக 1952-ல் இங்கிலாந்து ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி பிராண்டை ஹன்டேரியன் பேராசிரியராக்கியது. 1960-ல் மறுவாழ்வுப் பணிக்கான ஆல்பர்ட் லாஸ்கர் விருதும் வந்தது.

பயிற்சி பெற்றவர்களின் பங்கும் சிறியதல்ல. டாக்டர் மேரி வர்கீஸ் இளம் மருத்துவராயிருந்தபோது 1954-ல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். ஆயினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். பிராண்டிடம் கற்று, கரிகிரியில் பணியாற்றிய டாக்டர் எர்னஸ்ட் ஃப்ரிட்சி, இவ்வறுவை முறைகளை 1971-ல் நூலாக எழுதினார்.

இதில் நமக்கு என்ன பாடம்? பயிற்சி மருத்துவருக்கு நேரமும், ஆசிரியரும், கேள்வி கேட்கும் சுதந்தரமும் தருவது வீண்செலவல்ல. அது பின்னாளில் ஒரு ஏழையின் கைக்குப் பிழைப்பாகத் திரும்பி வருகிறது.

ஒரு வேண்டுகோள்: இன்று கூட்டு மருந்தினால் தொழுநோய் முற்றிலும் குணமாகும், ஆனால் நெடுநாள் செத்துக் கிடந்த நரம்பு திரும்புவது அரிது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால், வெட்கப்படாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். சிகிச்சை இலவசம். உங்கள் பட்டறையிலும் கம்பெனியிலும் இதைச் சொல்லுங்கள்.