புதினாவும் அதன் தைலமும்

புதினாவை வளர்க்க விரும்புவோர் விதை தேடி அலைய வேண்டுவதில்லை. இலை ஆய்ந்தபின் அடுக்களையில் எறியப்படும் தண்டே போதும். நாற்கோண வடிவான அத்தண்டின் கீழ்க்கணு நீரில் அமிழும்படி வைப்பின், இரண்டு வாரத்திற்குள் வேர் காணும். பின்னர் வாயகன்ற தொட்டியில் நட்டு, வெயில் படும் சன்னலோரம் வைத்திடுக. வேர்த்தண்டு பக்கவாட்டில் ஓடுவதாகலின், தொட்டிக்கு ஆழத்தினும் அகலமே வேண்டும்.

இனித் தைலத்தைக் காண்போம். இலைப்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளே அதன் உறைவிடம். தனித்துக் கொதிக்க 200 பாகைக்கு மேலும் வெப்பம் வேண்டுகின்ற அப்பொருள், நீராவியோடு கூடியவிடத்து 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகி எழும். வாலையில் வடிப்பார் தொழில் நுட்பம் முழுவதும் இதில் அடங்கும். வாலையில்லாதார், அகன்ற பாத்திரத்தில் நீரும் இலையும் இட்டு, நடுவே செங்கல்மீது கிண்ணம் வைத்து, குமிழ்மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேற் பனிக்கட்டி பெய்து, சிறு தீயில் எரிப்பாராக. மூடியிற் குளிர்ந்த ஆவி துளித்துளியாகக் கிண்ணத்தில் வீழும்.

யான் முதன்முறை வடித்தபோது சீசாவைக் கழுவி உலர்த்திக் காத்திருந்தேன். கிடைத்ததோ கிண்ணம் நிறைய மணநீர்; அதன்மேல் ஏடுபோற் சில துளித் தைலம். ஆயிரம் கிராம் பச்சிலையிலும் சில கிராம் தைலமே உண்டென்பதைப் பின்னரே அறிந்தேன். மணமும் எதிர்பார்த்ததன்று. நம் கடைப்புதினாவின் மணம் கார்வோன் என்னும் பொருளால் ஆயது. நாவைக் குளிர்விக்கும் மெந்தால் மிகுந்திருப்பது மிளகுப்புதினா என்னும் வேறோர் இனத்தில். ஆயினும் அம்மணநீர் முகங்கழுவ இனிதாயிருந்தது. தைலத் துளியையோ உட்கொள்ளலாகாது. கைக்குழந்தையின் முகத்தருகே கொணர்தலும் ஆகாது.