கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி உன் அம்மா பேசினாள். உன் கதைகளை நாடகமாக எடுக்கக் காசு கொடுத்து வாங்க ஆள் வந்திருக்கிறது, பன்னிரண்டு கதைக்கு மூவாயிரம் வெள்ளி என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் பெரியப்பா இருந்திருந்தால் அந்நேரமே டாக்சி பிடித்து உன் வீட்டுக்கு வந்திருப்பார். அப்புறம்தான், அடுத்த வாரம் கையெழுத்து, தாதி வேலையையும் விடலாம் என்று நினைக்கிறாய் என்றாள். அதற்குமேல் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் பேசினால் கோபப்படுகிறேன் என்று நினைப்பாய். அதனால் எழுதுகிறேன்.

எழுத்துக்குக் காசு வாங்குவதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். நம்மவர்கள் பொன்னாடை போடுவார்கள், மேடையில் உட்கார வைப்பார்கள், கதைக்கு என்ன தருவது என்ற பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்கள். எழுதுகிறவரே சென்னைக்குப் பணம் அனுப்பிப் புத்தகம் அச்சடிப்பார். பெட்டி வந்து சேர்ந்ததும் பாதியை இனாமாகக் கொடுப்பார். எங்கள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைகள் கிடக்கின்றன. அவற்றை மடித்து வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆகவே நீ விலை சொல்லு, குறைக்காமல் சொல்லு.

ஆனால் வேலையை விடாதே. 1887இல் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ நடத்திய காலத்திலிருந்து இந்தச் சிங்கப்பூரில் தமிழ்க்கதை எழுதி மட்டும் குடும்பம் நடத்தியவர் யார் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒருவர் பெயரும் வரவில்லை. ந. பழநிவேலு வானொலியில் சம்பளம் வாங்கினார். இராம. கண்ணபிரான் ஆசிரியர். நா. கோவிந்தசாமியும் ஆசிரியர்தான். ஜே.எம். சாலி பத்திரிகைக்காரர். இவர்களைவிட நீ மட்டமா உசத்தியா என்ற பேச்சே இல்லை. மாசச் சம்பளம் இருந்ததால் பிடிக்காத கதையை யாருக்காகவும் எழுத வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை. நீ வேலையை விட்டால் முதலாளி போடும் சிபிஎஃப் சேமிப்பு நின்றுவிடும். வருஷ நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக்கு நீயே கட்ட வேண்டும். வீட்டுக்கடனை எதிலிருந்து கட்டுவாய்? இன்னொன்றும் சொல்கிறேன். உன் கதைகளில் என்னை உலுக்கியது, ராத்திரி மூன்று மணிக்குத் தன் செருப்பு கட்டிலுக்கடியில் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தத் தாத்தா. அவரை நீ வார்டில்தானே பார்த்தாய்?

வேலைப் பேச்சு இருக்கட்டும். என் வயிற்றைக் கலக்குவது அந்த ஒப்பந்தம். உன் அம்மா படம் எடுத்து அனுப்பிய மூன்றாம் பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக என்று ஒரு வரி இருக்கிறது. அதை நீ படித்தாயா?

பெரியப்பாவின் நாடக விஷயம் உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். கோமளவிலாஸ் சாப்பாட்டுக்கடை மாடியில் உட்கார்ந்து, நாடகக்காரர்களிடம் நாற்பது வெள்ளியை வாங்கிக்கொண்டு, தன் கதையின் சகல உரிமையும் கொடுத்துவிட்டேன் என்று ஒரு தாளில் எழுதி, முத்திரைத்தலை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு அந்தப் பணத்தில் எனக்கு ஒரு புடவையும் உன் அண்ணனுக்குப் பால்மாவும் வந்தது. கதை நாடகமாகி ஈப்போ வரை போனது. விளம்பரத்தில் எழுதியவர் என்று வேறு பெயர். அதையும் பொறுத்துக்கொண்டார். பல வருஷம் கழித்து அவர் தன் தொகுப்பைப் போடும்போது, அந்தக் கதையைச் சேர்க்கக் கூடாது என்று அந்த நாடகக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. தான் எழுதிய கதையைத் தன் புத்தகத்தில் போட முடியாமல், பக்கம் குறைகிறதே என்று அச்சகக்காரர் கேட்டபோது பதில் சொல்லாமல் நின்றார். பக்கத்தில் நானும் நின்றேன். தொகுப்பில் அந்தக் கதை ஏன் இல்லை என்று நீ சின்ன வயசில் கேட்டாயே, காரணம் இதுதான்.

இப்போது சட்டம் மாறிவிட்டது என்று நீ சொல்வாய். மாறியிருக்கிறது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், எழுதியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. பெரியப்பா காலத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பெயர் இருந்து என்ன, கதை கையில் இல்லாவிட்டால்? எழுத்து உன்னுடையதாக இருக்கும்வரை உன் ஆயுள் முழுக்க உரிமை உனக்கு, அதற்கப்புறம் 70 வருஷத்துக்கு உன் குடும்பத்துக்கு. நீ எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். அதனால்தான் உன் கையெழுத்துக்கு அவர்கள் இவ்வளவு அவசரப்படுகிறார்கள். புதுமைப்பித்தன் 1948இல் கையில் காசில்லாமல் காசநோயில் போனார். 2002இல் தமிழக அரசு அவர் எழுத்தை நாட்டுடைமையாக்கியபோது வாரிசுக்குப் பணம் கொடுத்தது. உரிமை வாரிசிடம் இருந்ததால்தானே?

முடிவு உன்னுடையதுதான். மூவாயிரம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம். அல்லது, நாடகமாக எடுக்க இரண்டு வருஷத்துக்கு மட்டும் அனுமதி, புத்தக உரிமையும் மொழிபெயர்ப்பு உரிமையும் எனக்கே என்று எழுதச் சொல்லலாம். அதற்கு ஆயிரம்தான் தருவார்கள் என்றால் ஆயிரம் போதும். ஒத்துக்கொள்ளாதவர்கள் போகட்டும். கதை நன்றாக இருந்தால் இன்னொருவர் வருவார். ஆனால் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க, நான் அறிந்தவரையில், யாராலும் முடிந்ததில்லை.

ரொம்பவும் பேசிவிட்டேன், கண்ணு. நீ குழந்தை இல்லை, எனக்கே தெரியும். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிடாமல்கூட உட்கார்ந்து எழுதுகிறவள் நீ. நம் வீட்டில் உனக்கு இருக்கும் பிடிவாதம் வேறு யாருக்கும் இல்லை. பெரியப்பாவின் பேனாவை உன்னிடம் கொடுத்தபோது எனக்குத் துளிகூடத் தயக்கம் இருக்கவில்லை. நீ என்ன முடிவு எடுத்தாலும் உன் புத்தகத்தின் முதல் பத்துப் பிரதியும் எனக்குத்தான், விலை கொடுத்தே வாங்குவேன். பண முடை என்றால் அம்மாவிடம் கேட்காதே, என்னிடம் கேள். சனிக்கிழமை தேக்காவுக்கு மீன் வாங்க வருகிறேன். சந்தையில் வாங்கிக்கொண்டு நேரே உன் வீட்டுக்கு வந்து குழம்பு வைத்துத் தருகிறேன். ஒப்பந்தத்தை எடுத்து வை, நாலு பக்கத்தையும் சேர்ந்து படிக்கலாம். அதுவரை கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே.

உன் பெரியம்மா