அயல்நாட்டுச் செல்லப் பிராணிக் கடை: முதலில் தொட்டி, பிறகு கடை

புதுச்சேரி நகரில் வீட்டில் வண்ண மீனும் கூண்டுப் பறவையும் வளர்க்கும் ஆர்வம் இப்போது பெருகி வருகிறது. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பகுதிகளில் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகளின் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்து, நகரில் அயல்நாட்டுச் செல்லப் பிராணிக் கடை வைத்தால் என்ன என்று நினைக்கின்றனர். எண்ணத்தில் தவறு இல்லை. ஆனால் நகையை அடகு வைத்து, கடைக்கு முன்பணம் கொடுத்து, கண்ணாடித் தொட்டிகளை அடுக்கிய பிறகு எதை விற்பது என்று யோசிப்பவர்கள் ஆறு மாதத்தில் கடனோடு ஊர் திரும்ப நேரிடும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. எந்தப் பிராணியை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று அறியாதவர் சிறை செல்லவும் நேரிடும்.

ஆகவே சிறு விவசாயிக்கு ஏற்ற வழி ஒன்றே: முதலில் சொந்த இடத்தில் வளர்த்துப் பழக வேண்டும். வளர்ப்பு கைவந்த பிறகு கடையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கொளத்தூர் தரும் பாடம்

வண்ண மீன் என்றாலே வட சென்னையிலுள்ள கொளத்தூரின் பெயரைத்தான் சொல்வார்கள். இந்தியாவின் முக்கிய வண்ண மீன் சந்தைகளில் அதுவும் ஒன்று. பளபளக்கும் கடைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அந்த ஊரின் பலம் புரியாது. வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் அமைந்த தொட்டிகளும், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் உள்ள பண்ணைகளுமே அச்சந்தைக்கு முதுகெலும்பு. மீனை வளர்ப்பவர், வாங்கிச் சேர்ப்பவர், கடையில் விற்பவர் என்று வேலை பிரிந்திருக்கிறது. புதிதாக வருபவருக்கு இதில் உள்ள பாடம் தெளிவானது. எல்லா மீனையும் வளர்க்க முயலாமல், ஒன்றிரண்டு வகைகளில் தேர்ச்சி பெற வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பையில் மீன் இந்தத் தூரத்தைத் தாங்கும். எனவே கடை இல்லாத விவசாயியும் உள்ளூர்க் கடைகளுக்கும் சென்னைச் சந்தைக்கும் மீன் கொடுக்க முடியும்.

எதை விற்கலாம்? எதை விற்கக்கூடாது?

பிராணிகளை மூன்று பிரிவாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

முதல் பிரிவு, தொடவே கூடாதவை. பனைமரப் பொந்தில் எடுக்கும் பச்சைக்கிளிக் குஞ்சு, மைனா, தினைக்குருவி, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டுக் காட்டுயிர்கள் இதில் அடங்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்கிறது. இச்சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பச்சைக்கிளி விற்றால் 3 ஆண்டு வரை சிறையோ, ரூ.1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் உள்ளதால் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை. "ஊரில் எல்லோரும் வளர்க்கிறார்களே" என்ற பதில் நீதிமன்றத்தில் செல்லாது.

இரண்டாம் பிரிவு, பதிவு செய்தே வைத்திருக்க வேண்டியவை. அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்த 1973இல் 'சைட்டிஸ்' என்ற பன்னாட்டு ஒப்பந்தம் உருவாயிற்று. இந்தியா 1976இல் அதில் சேர்ந்தது. அதன் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்கள் இப்போது நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. மக்காவ் கிளி, சன் கானூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பச்சை இகுவானா, பால் பைத்தான் என்னும் மலைப்பாம்பு, ஆசிய அரோவானா மீன் ஆகியவை இவ்வகை. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இவற்றை வாங்கியவர் 30 நாளுக்குள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, ஆசிய அரோவானா போன்றவற்றை இனப்பெருக்கம் செய்வதற்குத் தனி உரிமம் வேண்டும்.

பாங்காக்கிலிருந்து பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்த பாம்பு, பல்லி, ஆமை, குரங்குக் குட்டி முதலியன சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டுள்ளன. மலிவாகக் கிடைக்கிறது என்று காகிதம் இல்லாத பிராணியை வாங்குபவர், கடத்தியவரின் குற்றத்தைத் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

மூன்றாம் பிரிவு, புதியவர் தொடங்கத்தக்கவை. கப்பி, மாலி, பிளாட்டி, வாள்வால் மீன், பொன்மீன், சண்டை மீன் என்பன மீன்களில் எளியவை. பறவைகளில் பட்ஜி, காக்டெயில், ஜீப்ரா பிஞ்ச் ஆகியவை சைட்டிஸ் பட்டியலில் இல்லை. இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைக் கவனிக்க வேண்டும். நம் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலிய நாட்டுப் பட்ஜிதான். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதில் பீச் பேஸ் இனத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. பிஷர் முதலான மற்ற இனங்கள் பட்டியலில் உள்ளன. பெயரை மட்டும் கேட்டு வாங்கக்கூடாது.

உப்பேறிய கிணற்றுக்கு மாலி மீன்

புதுச்சேரியின் கடலோரக் கிராமங்கள் சிலவற்றில் கிணற்று நீர் உப்பேறிவிட்டது. பல பயிர்களுக்கு ஆகாத அந்த நீர், இலேசான உவர்ப்பாக இருக்கும் வரை, மாலி மீனுக்கு ஏற்றது. கடினத்தன்மையும் சிறிது உப்பும் உள்ள நீரை மாலி விரும்பும். ஆகவே நீரைச் சோதித்துப் பார்த்த பிறகே மீன் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

10 அடி நீளம், 5 அடி அகலமுள்ள சிமெண்டுத் தொட்டியில் 2 அடி நீர் நிறுத்தினால் சுமார் 2,800 லிட்டர் பிடிக்கும். புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்புக் காரம் மீனைக் கொன்றுவிடும். இரண்டு, மூன்று வாரம் நீர் நிரப்பி, பலமுறை மாற்ற வேண்டும். வாழைத்தண்டுத் துண்டுகளை ஊறவைத்துக் கழுவுவதும் வழக்கம். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஓர் ஆணுக்கு மூன்று அல்லது நான்கு பெண் மீன் போதும். மாலியும் கப்பியும் முட்டையிடாமல் குஞ்சு ஈனும் வகை. ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும். தாய் மீனே குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பதால், வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டு ஒளிவிடம் தர வேண்டும். குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றுவது இன்னும் நல்லது. மொய்னா, டாப்னியா என்னும் நீர்ப்பூச்சிகளும் கொசுப்புழுவும் குஞ்சுகளுக்கு நல்ல தீனி. தீனி மிஞ்சினால் நீர் கெடும். சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே போட வேண்டும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். வெளியேற்றும் நீர் மீன் கழிவு கலந்த உரநீர். நன்னீர்த் தொட்டியின் கழிவைக் காய்கறிக்கு விடலாம். உவர் நீரானால் தென்னைக்கு மட்டும் விடுவது நலம். மீன்கொத்தி, தவளை, தண்ணீர்ப் பாம்பு, தும்பி இளம்புழு ஆகியவை மீனுக்குப் பகைகள். தொட்டியின் மேல் வலை கட்டினால் பெரும்பகுதி தடுக்கப்படும்.

வெளியில் வாங்கும் மீனை நேரே பழைய மீனுடன் சேர்க்கக்கூடாது. இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்து, புள்ளி, புண், செதில் உதிர்வு இல்லையென்று கண்ட பிறகே சேர்க்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் இல்லாததால் முழுத் தொட்டியையும் இழந்தவர்கள் பலர்.

பறவைக்குத் தினையும் கணவாய் ஓடும்

பட்ஜி வளர்ப்பில் விவசாயிக்கு ஓர் அனுகூலம் உண்டு. அதன் முக்கியத் தீனி தினை, சாமை போன்ற சிறுதானியம். சொந்த நிலத்தில் விளைந்ததைக் கொடுத்தால் செலவு குறையும். மருந்து தெளித்த தானியத்தையும், பூஞ்சாணம் பிடித்ததையும் தரக்கூடாது. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் கழுவி உலர்த்திக் கூண்டில் தொங்கவிட்டால் முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கும்.

கூண்டில் மண் கலயத்தைக் கட்டினால் அதில் 4 முதல் 6 முட்டை இடும். 18 நாள் அளவில் குஞ்சு பொரிக்கும். தானே தின்னப் பழகாத குஞ்சை விற்கலாகாது. கோழிக் கொட்டகைக்கு அருகில் பறவைக் கூண்டு வைப்பதும் தவறு. கோழிகளைத் தாக்கும் இராணிக்கெட் நோய் கூண்டுப் பறவைகளுக்கும் தொற்றக்கூடியது.

கடை வைக்கும்போது

ஓராண்டு வளர்த்து, இறப்பைக் குறைத்து, வாங்குவோரையும் அறிந்த பிறகு கடைக்கு இடம் பார்க்கலாம். 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, நாய், பூனை, முயல், கினி எலி, ஹாம்ஸ்டர், எலி வகைகள், கூண்டுப் பறவைகள் விற்கும் கடை, மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். கட்டணம் ரூ.5,000, பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். இதைத் தவிர உள்ளாட்சியின் வணிக உரிமமும் தேவை. யாரிடம் வாங்கியது, யாருக்கு விற்றது என்ற விவரங்களைப் பதிவேட்டில் எழுதிவர வேண்டும். காற்றோட்டம், நிழல், மின்சாரம் நின்றால் காற்றுக் கருவியை ஓட்ட மாற்று ஏற்பாடு ஆகியவை இல்லாத கடையை எடுக்காமல் இருப்பதே நலம். கடைக்கு விடுமுறை விடலாம். உயிர்களின் தீனிக்கு விடுமுறை இல்லை.

இறப்புக் கணக்கு

இத்தொழிலில் இலாபத்தைத் தீர்மானிப்பது இறப்பு எண்ணிக்கையே. உதாரணமாக, 100 மீனை ரூ.10 வீதம் ரூ.1,000க்கு வாங்கி, பையும் பயணமும் ரூ.200 ஆனால், முதலீடு ரூ.1,200. விற்பனை விலை ரூ.20 என்று வைத்துக்கொள்வோம். 10 மீன் இறந்தால் 90 மீனுக்கு ரூ.1,800 வரும், மீதி ரூ.600. 30 மீன் இறந்தால் 70 மீனுக்கு ரூ.1,400 மட்டுமே, மீதி ரூ.200. அதில்தான் தீனி, மின்சாரம், வாடகை எல்லாம். வாங்கும் விலையும் விற்கும் விலையும் மாறவில்லை. ஆனால் மீதி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. தினமும் இறந்தவற்றை எண்ணி எழுதாதவர் கடை நடத்த இயலாது.

ஏரியில் விடாதீர்கள்

விற்காத மீனையும் வளர்ந்துவிட்ட ஆமையையும் ஏரியில் விடுவது புண்ணியம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பெருந்தீங்கு. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் 'டேங்க் கிளீனர்' மீன் தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பெருகிவிட்டது. அதன் முரட்டு முட்கள் வலையைக் கிழிக்கின்றன; உண்ணும் மீன்களின் இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் இந்த நிலை வந்தால் இழப்பு அந்த ஏரிகளை நம்பியுள்ள மீனவருக்கும் விவசாயிக்குமே. கடைக்காரர் விற்கும்போதே, வேண்டாவிட்டால் திருப்பிக் கொடுக்கும்படி வாங்குவோரிடம் சொல்லிவிட வேண்டும்.

யாரைக் கேட்பது?

குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், புதுச்சேரி மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையையும் அணுகி ஆலோசனை கேட்கலாம். பட்டியல் பற்றிய ஐயங்களை வனத்துறையிடம் தீர்த்துக்கொள்வது நல்லது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற வண்ண மீன் அலகுக்கு ரூ.3 லட்சம் மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிட, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. இவ்வாண்டில் எந்த மானியம் நடப்பில் உள்ளது என்பதை அலுவலகத்தில் கேட்டறிந்து, அனுமதி கிடைத்த பிறகே செலவைத் தொடங்க வேண்டும்.

நாற்றங்கால் தேறாமல் நடவு தேறாது. அதுபோல் வீட்டுத் தொட்டியில் மீன் தேறாதவருக்கு நகரத்துக் கடை தேறாது. இந்தப் பருவத்தில் இரண்டு தொட்டி, ஒரே வகை மீன், ஒரு கணக்கு நோட்டு என்று தொடங்குபவர், அடுத்த ஆண்டில் கடை வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.